இடைவேளையில் பாட்டுப் போட்டவன்

சென்ற வாரம் தில்லைநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மனைவியின் அக்கா பேரனுக்குக் கல்யாணம். போகாமலே இருந்திருக்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து, பதினான்கு படி ஏறி, ஆறாவது வரிசையில் ஓர் ஓரத்து நாற்காலியைப் பிடித்தபோது மேடையில் பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், எனக்கு வேறென்ன வேலை? ஆளுயர ஸ்பீக்கர் பத்து. பாடுகிறவர்கள் மூன்று பேர், கீபோர்டு ஒருவர், டிரம்ஸ் ஒருவர். ஆனால் காதில் விழுந்ததோ வயலின், புல்லாங்குழல், தபலா, கூடப் பாடும் பெண்கள் என்று நாற்பது பேருடைய சத்தம். மிச்சம் முப்பத்தைந்து பேரும் ஒரு லேப்டாப்புக்குள் இருந்தார்கள்.

எட்டு மணிக்கு இடைவேளை விட்டார்கள். மேடையில் இருந்த ஐந்து பேரும் சாப்பிடப் போனார்கள். யாரோ ஒருவருடைய போனிலிருந்து பாட்டு ஓட ஆரம்பித்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் வீட்டுமனை விளம்பரம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சமயபுரம் பக்கம் பிளாட் வாங்கச் சொன்னது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவது பாட்டு முடிந்தது, குழு மேடையேறியது, ஏறிய உடனே என்ன பாடினார்கள் தெரியுமா? போனில் அப்போதுதான் முடிந்த அதே பாட்டு.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னேன்.

"இப்பதானேப்பா இந்தப் பாட்டு போச்சு?"

"அதனால என்ன சித்தப்பா, நல்ல பாட்டுதானே? ரெண்டு தடவை கேளுங்க."

அவனிடம் பேசிப் பயனில்லை என்று எழுந்து, ஓரத்தில் பட்டன்கள் நிறைந்த மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞனிடம் போனேன். காதில் எதையோ செருகியிருந்தான். எடுக்கவில்லை. "அது பிளேலிஸ்ட் சார், அதுவா ஓடும்" என்றான். அதுவாக ஓடுமாம். நான் மறுபடி என் நாற்காலிக்கு வந்தபோது அதில் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்தில் ரோஜா வாசனை அடித்தது, குளிர்பதன இயந்திரத்துக்குள் எதையோ ஊற்றியிருக்க வேண்டும். நான் அறிந்த கச்சேரி மேடைக்கு வேறு வாசனை. ஆம்ப்ளிஃபயர் சூடாகி அதன் மேல் படிந்த தூசி வேகும் வாசனை அது. பக்கத்தில் சாம்பார் கொதிக்கும். இரண்டும் கலந்து வந்தால் நான் வேலையில் இருக்கிறேன் என்று பொருள்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டு, நாற்பத்தொன்றுக்கும் பதில் வராமல் உட்கார்ந்திருந்த இருபத்து நாலு வயதில், பாலக்கரையில் மைக் செட் கடை வைத்திருந்த மீரான் பாய் என்னைக் கூப்பிட்டார். "படிச்ச புள்ள, சும்மாத்தானே இருக்கீங்க? நம்ம செட்டோட போங்க. கேசட் மாத்தறது பெரிய வித்தை இல்ல. ஆனா மாத்தத் தெரியாதவன் மாத்துனா கச்சேரியே நாசம்." அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். அவருடைய செட் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவோடு நிரந்தரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆர்கன் வாசிக்கிற மாஸ்டர்தான் குழுவுக்குத் தலைவர். வாத்தியக்காரர்கள் எட்டுப் பேர். முதல் ரவுண்டு ஒன்றரை மணி நேரம், இடைவேளை இருபது நிமிடம், பிறகு இரண்டாம் ரவுண்டு. அந்த இருபது நிமிடம் என்னுடையது.

அதற்கு ஒரு முறை உண்டு. குழு அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளை மாஸ்டர் ஒரு தாளில் எழுதி, கார்பன் வைத்து ஒரு நகல் எனக்குக் கொடுத்துவிடுவார். தாளில் இருக்கிற பாட்டு இடைவேளையில் வரக் கூடாது. பாடி முடித்த பாட்டும் வரக் கூடாது, பாடப்போகிறதும் கூடாது. அசலைக் கேட்ட காதோடு நகலைக் கேட்டால் எந்தக் குழுவும் தாங்காது. முதலில் இரண்டு பக்திப்பாட்டு, பிறகு பழைய பாட்டு ஏதாவது, கடைசியில் குரலே இல்லாத வாத்திய இசை. அதுவும் மெதுவாகத் தேய்ந்து அடங்கும்போது டிரம்மர் குச்சியை மூன்று தட்டுத் தட்டுவார்.

என்னிடம் அறுபத்து மூன்று கேசட் இருந்தது. எல்லாம் கலந்து பதிந்தவை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேசட் ஓட்டுகிற டெக்கில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் மூன்று எண்கள் சுழலும். கவுண்டர் என்போம். கேசட்டை முழுதும் பின்னால் ஓட்டி, கவுண்டரைச் சைபருக்குக் கொண்டுவந்து, பிறகு முன்னால் ஓட்டினால் குறிப்பிட்ட எண்ணில் குறிப்பிட்ட பாட்டு நிற்கும். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் நோட்டே வேண்டியிருக்கவில்லை. எழுநூற்றுச் சொச்சம் எண்கள் மனப்பாடம். கல்லூரியில் இப்படிப் படித்திருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பேன்.

கேசட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போவேன். பூட்டுப் போட்ட மரப்பெட்டி. ஒரு கண்டக்டர் தினமும் கேட்பார், "என்ன சார், பாம்பா?" நானும் தினமும் "ஆமா, அறுபத்து மூணு" என்பேன். அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா முதலிலேயே வந்து கையைக் குவித்துக்கொண்டு நிற்பார். "அடியேன் ஒண்ணு விஞ்ஞாபனம் பண்ணிக்கறேன். மாமிகளெல்லாம் இருக்கா. இடைவேளையிலே அந்தக் குத்துப்பாட்டு மாத்திரம் வேண்டாம்." சரி என்பேன். அவர் அந்தப் பக்கம் போனதும் அவருடைய மூத்த மகன் வந்து அதே குத்துப்பாட்டைத்தான் கேட்பான்.

இனி ரத்தினம். குழுவின் ஆண்குரல். பகலில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிப்பான், மாலையில் முழுக்கை வெள்ளைச் சட்டையில் மேடையில் நிற்பான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். குரல் நல்ல குரல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குரல் இருக்கிறவனுக்கு வாய் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட வேண்டும். சட்டைப்பையில் பனங்கற்கண்டு வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வான். மற்ற பாடகர்கள் தொடங்குமுன் மாஸ்டர் ஆர்கனில் மெல்லச் சுருதியைத் தொட்டுக் காட்டுவார். ரத்தினம் மட்டும் உள்ளங்கையைக் காட்டி மறுத்துவிடுவான். "எனக்கு எதுக்கு மாஸ்டர்? மண்டையிலேயே இருக்கு." இருந்தது என்பதுதான் எரிச்சல். நான் இருந்த பதினோரு மாதத்தில், ஒரே ஒரு நாள் தவிர, அவன் சுருதி தவறித் தொடங்கியதில்லை.

என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் பி.எஸ்ஸி." அவ்வளவுதான். "யோவ் பி.எஸ்ஸி., ஒரு கேசட்டு மாத்த எத்தனை ஃபார்முலாய்யா?" என்பான். டிரம்மர் சிரிப்பார். டிரம்மர் எதற்கும் சிரிப்பார். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். சித்திரை வீதிக் கல்யாணம் ஒன்றில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று முன்வரிசையில் எனக்கு நுண்கணிதம் எடுத்த பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் படாமல் நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் பாதி குனிந்தபடியே முதல் ரவுண்டை ஓட்டியிருந்தேன். இடைவேளை அறிவிக்க மைக்கைப் பிடித்த ரத்தினம் என் பக்கம் கையை நீட்டினான்.

"அடுத்த இருபது நிமிஷம் உங்களுக்குப் பாட்டுப் போடப்போறவர் பி.எஸ்ஸி. கணக்கு. அவர்கிட்ட ரெண்டு பட்டன் இருக்கு. ஒண்ணு போட, இன்னொண்ணு நிறுத்த. ரெண்டையும் படிச்சு பாஸ் பண்ணியிருக்காரு. கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். பேராசிரியர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் பட்டனை அமுக்கினேன். முதல் தடவை அமுங்கவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

அதற்கு ஏழு வாரம் கழித்துத் துறையூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. அரிசி ஆலைக்காரர் வீடு. ஆலைக் களத்தில் பந்தல், நடுப்பகலில் கச்சேரி. அன்றைக்கு என்ன விசேஷம் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். குழந்தையின் தாய்மாமனுக்குச் சிநேகிதர் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். வெளிநாடுகளுக்கெல்லாம் போய்வருகிற பெரிய குழு அவருடையது. அதில் ஒரு பாடகன் விலகிவிட்டான், ஆள் வேண்டும். ரத்தினத்தைக் கேட்டுப் பார்க்கத்தான் வந்திருந்தார். இரண்டு மணிக்கு அவர் கிளம்பியாக வேண்டும். அதனால் இரண்டாம் ரவுண்டின் முதல் பாட்டாக ரத்தினத்தின் பாட்டை மாஸ்டர் வைத்தார். மூன்று வாரம் அதைப் பழகியிருந்தான். வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் தனியாக நாலு வரி போகும், பிறகுதான் எல்லோரும் சேருவார்கள். அசல் இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கிற பாட்டு. மேலே போகிற ஓரிடத்தில் ரத்தினத்துக்குக் குரல் பிசிறும் என்று மாஸ்டர் அரைக் கட்டை இறக்கி இரண்டு கட்டையில் வைத்துக் கொடுத்திருந்தார். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிடப் போவதாக வேனில் வரும்போதே ரத்தினம் சொன்னான். "யோவ் பி.எஸ்ஸி., சென்னைல உனக்கும் ஒரு பட்டன் பாத்து வைக்கிறேன்" என்றான்.

எங்கள் டெக் அன்று பழுதாகி இருந்தது. மீரான் பாய் கடையிலிருந்து வேறொன்றைக் கொடுத்தனுப்பினார். கவனியுங்கள், கவுண்டர் எல்லா டெக்கிலும் ஒரே வேகத்தில் சுழலாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஹெட்போனை மாட்டி முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கவில்லை. எழுநூறு எண்ணை மனப்பாடம் செய்தவனுக்கு எதற்கு ஹெட்போன்? எனக்கும் மண்டையிலேயே இருந்ததே.

இடைவேளையில் மற்றவர்கள் ஆலைக்குப் பின்னால் நடந்த பந்திக்குப் போனார்கள். பாடுமுன் சாப்பிடாத ரத்தினம் மேடைப் படுதாவுக்குப் பின்னால் வெந்நீரில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றான். பக்திப்பாட்டு இரண்டு, பழைய பாட்டு இரண்டு போயிற்று. கடைசியாக ஒரு புல்லாங்குழல். பதினேழாம் நம்பர் கேசட், கவுண்டர் நூற்று நாற்பத்தேழு. ஓட்டி நிறுத்திப் பட்டனை அமுக்கினேன். ஏதோ ஒரு பாட்டின் கடைசித் தபலா இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது. பிறகு ஓர் ஆண்குரல், தனியாக, வாத்தியம் எதுவுமில்லாமல். ரத்தினத்தின் பாட்டு. அசல்.

இதுவரை நடந்தது தவறு. இதற்காக என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது, சொன்னாலும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தும் பட்டன் வலது ஓரத்தில் இருந்தது. என் விரல் அதன் மேலேயேதான் இருந்தது.

படுதாவை விலக்கிக்கொண்டு ரத்தினம் பாதி உடம்பு வெளியே வந்தான். சென்னைக்காரர் இரண்டாம் வரிசையில் இருந்ததால் கத்தவில்லை. கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, நிறுத்து, நிறுத்து என்று அசைத்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் ஆடுகிற ஊசியைக் கவனிக்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்டது. பந்தலில் அன்று முதன்முதலாக அமைதி. அசலைக் கேட்டுவிட்டு உன்னைக் கேட்கட்டும், அவர்களே சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று முப்பத்தைந்து வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் சரியாகச் சொல்கிறேன். பாட்டு நாலு நிமிடம் முப்பத்திரண்டு நொடி. மூன்று நிமிடம் இருபதாவது நொடியில், இரண்டாம் சரணத்தில், கட்டை ஞாபகம் வந்தது. இது இரண்டரை. அவன் பாட வேண்டியது இரண்டு. இதையே கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஆர்கனில் சுருதி கொடுத்தால் வாங்க மாட்டான். இன்னும் எழுபத்திரண்டு நொடி இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எழுபத்திரண்டையும் எண்ணினேன்.

குழு மேடையேறியது. பந்தியிலிருந்து வந்த அவர்களுக்கு என்ன ஓடியது என்று தெரியாது. மாஸ்டர் ஆர்கனில் சுருதியைத் தொடப் போனார். ரத்தினம் வழக்கம்போல் உள்ளங்கையைக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். அந்த நாலு வரியை அவன் அவ்வளவு அழகாகப் பாடி அதற்கு முன் நான் கேட்டதில்லை. கேசட்டில் இருந்த அதே இரண்டரைக் கட்டையில், இம்மி பிசகாமல் பாடினான். பிறகு எட்டு வாத்தியமும் இரண்டு கட்டையில் வந்து இறங்கின.

அரைக் கட்டை பெரிய தூரம் இல்லை. ஆர்கனில் ஒரு விரல் தள்ளி வைத்தால் போதும். அவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் பல் கூசுகிறது. ரத்தினம் கண்ணைத் திறந்தான். கீழே இறங்கப் பார்த்தான், மாஸ்டரோ அதே நேரத்தில் மேலே ஏறப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போனார்கள். முன்னால் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏம்ப்பா, முன்னாடி ஓடுனதையே போடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை ரத்தினம் ஆர்கனில் சுருதி வாங்கிக்கொண்டான். ஒரு குறையும் இல்லை. பந்தலில் அப்போது இருந்தவர்கள் இருபத்தாறு பேர், எண்ணினேன். மற்றவர்கள் இலை போட்டாயிற்று என்று எழுந்து போய்விட்டார்கள். சென்னைக்காரரும்தான். பாட்டு முடியும்போது அவர் பாயசத்தில் இருந்தார். இரண்டு மணிக்குக் கிளம்பும்போது மாஸ்டரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் திருவெள்ளறையில் டீக்கு நிறுத்தினோம். வெயில் இன்னும் இருந்தது. ரத்தினம் டீ வேண்டாம் என்றுவிட்டு வேன் படியில் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் என்னைக் கேட்டார்.

"என்னய்யா ஆச்சு?"

"வேற டெக்கு மாஸ்டர். கவுண்டர் மாறிடுச்சு."

"முன்னாடியே ஹெட்போன்ல பாக்கறதுக்கென்ன?"

"விடுங்க மாஸ்டர்" என்றான் ரத்தினம். "கவுண்டர் மாறிடுச்சு. மாறும். ஒத்துக்கறேன்." என் பக்கம் திரும்பினான். "ரெண்டு பட்டன்தானேய்யா இருந்துச்சு உங்கிட்ட. இன்னொண்ணு என்னய்யா ஆச்சு?"

அவனுடைய பழைய கேலி என்று நினைத்து டிரம்மர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ரத்தினம் சிரிக்கவில்லை. பனங்கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் மறுபடி மடித்து வைத்தான்.

அடுத்த மாதம் என்னுடைய நாற்பத்திரண்டாவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன், அங்கேயும் எண்களோடுதான் வேலை. ரத்தினம் அதே ஜவுளிக்கடையில் இருந்தான். பிறகு மூன்று முறை அவனைப் பார்த்தேன். முதல் முறை சத்திரம் பஸ் நிலையத்தில். இரண்டாம் முறை அந்த ஜவுளிக்கடையிலேயே, மனைவிக்குப் புடவை எடுக்கப் போனபோது; எங்களுக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டான். மூன்றாம் முறை வைகுண்ட ஏகாதசி வரிசையில், எனக்குப் பதினைந்து ஆள் முன்னால். பதினைந்து பேரையும் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வரிசை நாலு மணி நேரம் நின்றது. நான் போகவில்லை. அவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. பேராசிரியர் முன்னால் அவன் செய்தது சரியில்லை. அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் மிச்சக் கடன் என் பக்கம்தான் நிற்கிறது. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

தில்லைநகருக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு இரண்டாவது இடைவேளை விட்டார்கள், மறுபடி போன் பாட ஆரம்பித்தது. மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞனும் இலைக்குப் போய்விட்டான். மேசையருகில் ஒருவரும் இல்லை, அங்கே கிடந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இடைவேளையில் எது ஓடினாலும் இப்போது யாருக்கும் ஆபத்தில்லை. பாடுகிற பையன்களுக்குக் காதுக்குள்ளேயே சுருதி வந்துகொண்டிருக்கிறது, மறுத்து உள்ளங்கையைக் காட்ட வழியில்லை. கார்பன் நகல் இல்லை, கவுண்டர் இல்லை, குச்சியின் மூன்று தட்டு இல்லை, படுதாவுக்குப் பின்னால் வெந்நீரோடு நிற்கிறவனும் இல்லை. அந்த மேசையில் இருந்த பட்டன்களை எண்ணிக்கொண்டு வந்தேன். நூற்றுப் பத்தொன்பது வரை எண்ணினேன். அதில் எது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

"சித்தப்பா, பந்திக்கு வாங்க" என்று கையைப் பிடித்தான் மாப்பிள்ளையின் அப்பா. அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று எண்ணவில்லை.